படகு ஏன் சாய்ந்து நிற்கிறது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பழைய பாய்மரப் படகு ஒன்று நீரில் ஒருபுறம் சாய்ந்து நிற்கிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். "மறுபக்கம் ஒரு பாரத்தை வைத்தால் சரியாகிவிடும்" என்று ஒன்பது பேர் சொல்வார்கள். பத்தாமவர் இன்னும் பெரிய பாரமாக வைக்கச் சொல்வார். இந்த அறிவுரை பல வேளைகளில் பயனற்றது. சில வேளைகளில் ஆளையே கொல்லக்கூடியது என்பது என் கருத்து. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கும் வேலை அது. காய்ச்சல் எப்படி நோயின் அடையாளமோ, அப்படியே சாய்வும் ஓர் அடையாளம். அடையாளத்தை மட்டும் மறைத்துவிட்டு நோயை உள்ளே விட்டுவைப்பதில் என்ன இலாபம்?

இதைப்பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது எங்கள் பாடநூலின் ஒரு பக்கம். 'கப்பலின் மெட்டாசென்டர் உயரத்தைக் காணல்' என்பது அதன் தலைப்பு. பத்து மதிப்பெண் வினா. படம் போட்டு, பாகம் குறித்து, சூத்திரத்தை வருவித்து எழுதினால் பத்தும் கிடைக்கும். கப்பல் தட்டில் ஓர் எடையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்த்து, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று பார், கணக்கிடு என்கிறது அந்தப் பக்கம். எதற்காக ஒருவன் இப்படிச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த வரியைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கெல்லாம் பெருக்கல் வகுத்தலோடு சரி. படகின் எடை முழுவதும் ஒரு புள்ளியின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. அது ஈர்ப்பு மையம். நீர் படகை மேல்நோக்கித் தாங்குகிறது. அந்தத் தாங்குதல் முழுவதும், மூழ்கிய பகுதியின் நடுப்புள்ளி வழியே செல்கிறது. அது மிதப்பு மையம். படகு அசையாமல் நிற்க வேண்டுமானால் இவ்விரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்தாக வேண்டும். இவ்வளவும் ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டிலேயே கண்ட வழியில் வந்தது.

படகு சற்றுச் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாய்ந்த பக்கம் நீருக்குள் அதிகம் இறங்குகிறது. எனவே மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகர்கிறது. நகர்ந்த இடத்திலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு போட்டால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடமே மெட்டாசென்டர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருந்தால் சாய்ந்த படகு தானே நிமிரும். மேலே இருந்தால் நிமிராது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் பாடநூல் சொல்லும் மெட்டாசென்டர் உயரம். பியர் பூகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1746இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் அவர். கப்பல் நூலின் பெரும்பகுதியை அந்தப் பயணக் காலத்தில்தான் எழுதினார். கப்பலின் ரகசியம் மலை உச்சியில் விளங்கியது ஒரு வேடிக்கை! கணித மேதை ஆய்லரும் தனியே இதே வழியில் ஆராய்ந்து 1749இல் தம் நூலை வெளியிட்டார்.

இனி நம் சாய்ந்த படகுக்கு வருவோம். சாய்வில் இரண்டு சாதிகள் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். குணத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதல் வகையில், பாரம் நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கம் விலகியிருக்கிறது. படகு உறுதியானதுதான். அலை வந்து ஆட்டினாலும் தன் பழைய சாய்வுக்கே திரும்பி வந்து நிற்கும். எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். தண்ணீர்த் தொட்டி, நங்கூரச் சங்கிலி, மாற்றிப் பொருத்திய எஞ்சின், ஒரு பக்கம் மட்டும் கனத்த மரத்தால் போட்ட ஒட்டுப்பலகை என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். காரணத்தைக் கண்டு நீக்கினால் படகு நிமிரும். நீக்க முடியாததானால் மறுபக்கம் பாரம் வைப்பதும் தவறன்று.

இரண்டாம் வகையில் பாரம் நடுக்கோட்டில்தான் இருக்கிறது. ஆனால் உயரத்தில் இருக்கிறது. ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்கு மேலே ஏறிவிட்டது. இந்தப் படகால் நேராக நிற்கவே இயலாது. ஏதாவது ஒரு பக்கம் சாயும். சாயச் சாய, நீருக்குள் இறங்கும் பக்கம் தாங்கலைக் கூட்டுவதால் ஏதோ ஒரு கோணத்தில் போய் நின்றுகொள்ளும். இன்று இடப்பக்கம் நிற்கும். நாளை ஓர் அலை தள்ளினால் வலப்பக்கம் போய் நிற்கும். இந்தப் படகில் உயர்ந்திருக்கும் பக்கத்தில் பாரம் வைத்தால் என்ன ஆகும்? படகு நிமிர்ந்து வரும், நடுவில் நிற்காது, வேகத்தோடு மறுபக்கம் புரளும். அங்கே நாம் வைத்த பாரமும் சேர்ந்துகொள்வதால் முன்னைவிட அதிகம் சாயும், அல்லது கவிழும். ஒன்பது பேரின் அறிவுரை ஆளைக் கொல்லக்கூடியது என்று முதலில் சொன்னேனே, அது இதற்காகத்தான். மேலே இருக்கும் பாரத்தை இறக்குவதும், உள்ளே தாராளமாக ஓடியாடும் நீரை வெளியேற்றுவதும், அடியில் பாரம் சேர்ப்பதுமே இதற்கு மருந்து. அப்படிச் சேர்க்கும்போதும் தாழ்ந்திருக்கும் பக்கத்தில்தான் முதலில் சேர்க்க வேண்டும் என்பது கப்பல்காரர்களின் நடைமுறை. கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும்; காரணம் புரிந்துவிட்டால் அதுவே நேரான வழி.

ஆகவே கேட்க வேண்டிய முதற்கேள்வி 'எவ்வளவு பாரம் வைக்கலாம்?' என்பதன்று. 'இது எந்தச் சாய்வு?' என்பதே.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. படகு உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா? சிரிக்க வேண்டாம். பழைய படகுகளுக்கு வண்ணம் பூசும்போது, முன்பு இருந்த நீர்க்கோட்டின் மேலேயே கண்ணளவில் புதுக்கோடு போடுவார்கள். நாலைந்து முறை பூசியபின் ஒரு பக்கக் கோடு இரண்டு விரல் உயர்ந்துவிட்டால், நேராக நிற்கும் படகும் பார்ப்பவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். கட்டிய கயிறு ஒரு பக்கம் விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தாலும் அப்படியே. கயிற்றைத் தளர்த்திவிட்டு, காற்றடங்கிய வேளையில், வண்ணத்தை நம்பாமல் படகின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை இரு பக்கமும் அளக்க வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. என் தந்தையார் கொத்தனார். அவருடைய பையில் உள்ள தூக்குக்குண்டும் ஓர் அளவுநாடாவும் போதும். படகின் நடுக்கோட்டில் மேலே ஓர் ஆணியடித்து இரண்டு மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிடுகிறோம். கீழே நடுக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்கிறோம். குண்டு அந்தக் கோட்டிலிருந்து 7 சென்டிமீட்டர் விலகி நிற்கிறது என்று வைப்போம். அது 2 பாகைச் சாய்வு. இப்போது 60 கிலோ எடையுள்ள நண்பர் ஒருவரைப் படகின் நடுக்கோட்டில் நிற்கச் சொல்லி அளக்கிறோம். பிறகு ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகரச் சொல்லி மீண்டும் அளக்கிறோம். குண்டு 3.75 சென்டிமீட்டர் நகர்கிறது. 60 கிலோ ஒரு மீட்டர் நகர்ந்தால் 3.75, அப்படியானால் 7 சென்டிமீட்டருக்கு எவ்வளவு? பள்ளியில் படித்த மும்மை விதிதான். 112 கிலோ. ஒரு மீட்டர் தள்ளி 112 கிலோ எங்கோ ஒளிந்திருக்கிறது, அல்லது இரண்டு மீட்டர் தள்ளி 56 கிலோ. இதைக் காண்பதற்குப் படகின் எடைகூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையும் தெரிந்தால் மெட்டாசென்டர் உயரமும் வந்துவிடும். படகு 4 டன் என்றால், 60ஐ 4000ஆல் வகுத்து, குண்டு நகர்ந்த விகிதமான 0.01875ஆல் மீண்டும் வகுக்க, 0.8 மீட்டர். இது முதல் வகைச் சாய்வுதான், உறுதியான படகுதான் என்பது இதனால் விளங்கிவிடுகிறது.

112 என்ற அந்த எண் கையில் வந்துவிட்டால் ஊகங்கள் ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்க்கலாம். "பாய்மரம் கோணலாக இருக்கிறது, அதனால்தான் சாய்கிறது" என்பார் ஒருவர். பாய்மரம் 80 கிலோ, அதன் நடுப்புள்ளி 5 மீட்டர் உயரத்தில், கோணல் 2 பாகை என்றே கொள்வோம். நடுப்புள்ளி சுமார் 17 சென்டிமீட்டர் விலகும். 80 கிலோ 17 சென்டிமீட்டர் விலகுவது, ஏறத்தாழ 14 கிலோ ஒரு மீட்டர் விலகுவதற்குச் சமம். நாம் தேடுவதில் எட்டில் ஒரு பங்குதான்! பாய்மரத்தைப் பிடுங்கி நட்டுப் பணத்தைச் செலவழித்த பிறகும் படகு சாய்ந்தபடியே நிற்கும். "அடியில் தேங்கிய தண்ணீர்" என்பார் இன்னொருவர். தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடி நிற்பது இயல்பு. அது சாய்வின் காரணமா, சாய்வின் விளைவா? இறைத்துவிட்டு மீண்டும் அளந்தால் தெரிந்துவிடும். பொருள்களையெல்லாம் கரையேற்றிய பின்னும் சாய்வு போகவில்லையானால், குற்றம் படகின் உடலிலேயே இருக்கிறது. நீர் ஊறிக் கனத்த பலகை, ஒரு பக்கம் முறுக்கிக்கொண்ட சட்டம், கட்டும்போதே நேர்ந்த பிசகு இவற்றில் ஒன்று. அப்போது நடுக்கோட்டில் ஒரு நூலைக் கட்டி, இருபுறமும் அடிக்கு அடி அளந்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சாய்வு மட்டுமன்று, முன்பின் தாழ்வும் இதே கணக்குத்தான். ஒரு காலத்தில் பாய் மட்டுமே விரித்துக் கொழும்புவரை ஓடிய தூத்துக்குடித் தோணிகளுக்குப் பின்னாளில் எஞ்சின் வந்தது. பாய்க்காகக் கட்டிய உடலில் எஞ்சினைப் பின்புறம் வைத்தால் பின்புறம் தாழத்தானே செய்யும்? அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

கணிதமே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. படகை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வெடுக்கென்று நிமிரும் படகு உறுதியானது. சோம்பலாக, போன பக்கத்திலேயே சற்றுத் தங்கி யோசித்துவிட்டுத் திரும்பும் படகு ஆபத்தானது. மெட்டாசென்டர் உயரம் குறையக் குறைய ஆட்டத்தின் காலம் நீள்கிறது என்பதே இதன் பொருள். மெதுவாக ஆடும் படகில் பயணம் சுகமாக இருக்கும் என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி.

இவ்வளவையும் ஒரே கப்பலில் காண வேண்டுமானால் நாம் சுவீடன் நாட்டுக்குப் போக வேண்டும். ஸ்டாக்ஹோம் நகரத்து அருங்காட்சியகத்தில் 'வாசா' என்னும் பாய்மரப் போர்க்கப்பல் நிற்கிறது. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்ற பழமொழிக்கு இதைவிடப் பெரிய சான்று இருக்க முடியாது. 1628 ஆகஸ்ட் 10ஆம் நாள் தன் முதற் பயணத்தைத் தொடங்கிய இக்கப்பல், சுமார் 1300 மீட்டர் தூரம்கூடத் தாண்டவில்லை. ஒரு காற்று வீசியது. இடப்பக்கம் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. மறு காற்று வீசியது, மேலும் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்தது. கரையில் கூடியிருந்த மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் மூழ்கியது. சுமார் 30 பேர் இறந்தார்கள். புயலில்லை, பகைவனில்லை, பாறையில்லை.

333 ஆண்டுகள் கழித்து, 1961 ஏப்ரல் 24இல் அதைக் கிட்டத்தட்ட முழுதாக மேலே கொண்டுவந்தார்கள். இறந்தவனே எழுந்து வந்து சாட்சி சொன்னதுபோல, மூழ்கிய கப்பலே வந்து தன் குற்றத்தைச் சொல்லும் வாய்ப்பு உலகில் அரிது. ஆராய்ச்சியாளர்கள் அதன் ஒவ்வொரு மரத்தையும் அளந்தார்கள். அளந்தபோது ஒரு விந்தை தெரிந்தது. கப்பலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இல்லை! இடப்பக்கத்தில் மரம் அதிகம். அந்தப் பக்கம் கனம். காரணம் என்னவாக இருக்கும்? தச்சர்கள் பயன்படுத்திய நான்கு அளவுகோல்கள் கப்பலிலேயே கிடைத்தன. அவற்றில் இரண்டு சுவீடன் அடியில் குறிக்கப்பட்டவை. அந்த அடிக்கு 12 அங்குலம். மற்ற இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடியில் குறிக்கப்பட்டவை. அந்த அடிக்கு 11 அங்குலம். கப்பலைக் கட்டும் பொறுப்பேற்றிருந்தவர் ஹாலந்துக்காரரான ஹென்ரிக் ஹிபர்ட்சன். வேலைசெய்த தச்சர்களோ இரு நாட்டினர். ஒரே கப்பலின் இரு பக்கங்களில் நின்று ஒருவர் 12 அங்குல அடியாலும் இன்னொருவர் 11 அங்குல அடியாலும் அளந்தால், 'பத்தடி' என்று இருவரும் ஒரே சொல்லைச் சொல்லியும் மரம் ஒன்றாக வராது.

இந்தச் செய்தியை அறிந்தவர்கள் உடனே ஒரு தலைப்பைப் போட்டுவிடுகிறார்கள்: அளவுகோல் பிழையால் கப்பல் மூழ்கியது என்று. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதை ஏற்கமாட்டேன். மேலே சொன்ன இரு வகைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மரம் கனத்தது முதல் வகைக் குற்றம். அடியில் இட்டிருந்த சுமார் 120 டன் கற்களில் சிலவற்றை மறுபக்கம் நகர்த்தினாலே அதைச் சமன்செய்துவிடலாம். கப்பலை மூழ்கடித்தது இரண்டாம் குற்றம். இரண்டு வரிசைகளில் கனமான பீரங்கிகள், அவற்றைத் தாங்க உயரத்தில் கனத்த தட்டுகள், மேலே சிற்ப அலங்காரம். நீருக்குள்ளோ போதிய அகலமில்லாத உடல். எல்லாம் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை மேலே ஏற்றிவிட்டன. மேலும் கல்லேற்றலாமே என்றால், கப்பல் இன்னும் தாழ்ந்து, கீழ்ச் சாளரங்கள் நீருக்கு இன்னும் அருகில் வரும். இரு பக்கமும் இம்மியளவும் பிசகாமல் கட்டியிருந்தாலும் அந்தக் கப்பல் மூழ்கியே இருக்கும். சாய்வுக்கான காரணமும் மூழ்கியதற்கான காரணமும் வேறு வேறு. ஒரே கேள்வியாகத் தோன்றும் இரண்டு கேள்விகளைப் பிரித்தறியாததன் விளைவே அந்தச் சுவையான தலைப்பு.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னைப் பல நாள் உறங்கவிடாமல் செய்தது. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, துறையில் நின்ற அந்தக் கப்பலில் ஒரு சோதனை நடந்தது. துணைக் கடற்படைத் தலைவர் கிளாஸ் ஃபிளெமிங் முன்னிலையில், 30 பேரை மேல்தட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓடச் சொன்னார்கள். முதல் ஓட்டத்திலேயே கப்பல் சாய்ந்தது. இரண்டாம் ஓட்டத்தில் இன்னும் சாய்ந்தது. மூன்றாம் ஓட்டத்துக்குப் பிறகு, கப்பல் அங்கேயே கவிழ்ந்துவிடும் என்ற அச்சத்தில் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

நண்பர்களே, இது என்ன? ஓர் எடையைத் தட்டில் பக்கவாட்டில் நகர்த்து, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று பார். நம் பாடநூலின் பத்து மதிப்பெண் வினா அல்லவா இது! பூகேர் நூல் எழுதுவதற்கு 118 ஆண்டுகள் முன்பே அந்தச் சோதனை நடந்திருக்கிறது. கணக்கும் எளிதுதான். ஆளுக்கு 60 கிலோ என்றால் 30 பேர் 1800 கிலோ. தட்டில் அவர்கள் 8 மீட்டர் ஓடியதாகக் கொள்வோம். சுமார் 1200 டன் கனமுள்ள அந்தக் கப்பலின் ஈர்ப்பு மையம் இதனால் 1.2 சென்டிமீட்டர் நகரும். ஒரு விரல் அகலம்கூட இல்லை! ஓட்டம் கப்பலின் ஆட்டத்தோடு சேர்ந்து அதைப் பெருக்கியிருக்கும் என்று தள்ளிக் கணக்கிட்டாலும், ஒரு விரற்கடை நகர்வுக்கு ஒரு போர்க்கப்பல் கவிழப் பார்த்தது என்றால் அதன் மெட்டாசென்டர் உயரம் எவ்வளவு அற்பமாக இருந்திருக்க வேண்டும்!

சோதனை நடந்தது. விடையும் கிடைத்தது. ஆயினும் கப்பல் புறப்பட்டது. ஏன்? மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் போலந்துப் போரில் வெளிநாட்டில் இருந்தார். கப்பல் விரைவில் வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். கட்டத் தொடங்கிய ஹிபர்ட்சன் 1627இலேயே இறந்துவிட்டார். கப்பல் மூழ்கியபின் விசாரணை நடந்தது. மாலுமிகள் குடித்திருந்தார்களா என்று கேட்கப்பட்டது, இல்லை. பீரங்கிகள் கட்டறுந்து உருண்டனவா? இல்லை. கட்டியவர்களைக் கேட்டால், மன்னர் ஒப்புக்கொண்ட அளவுகளின்படியே கட்டினோம் என்றார்கள். இறுதியில் யாரும் தண்டிக்கப்படவில்லை. முன்னர் நடந்த சோதனையைப் பற்றிச் சபையில் எடுத்துச் சொன்னவர் யோரான் மாட்சன் என்ற கப்பல் அலுவலர். பெரிய பதவிக்காரர் அல்லர். சோதனையை நிறுத்தியவரோ அரசவையில் அமரும் உயர்குடிப் பிரபு.

ஃபிளெமிங்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அப்படிச் செய்வோரும் உண்டு. ஆனால் அவர் கையில் என்ன இருந்தது? கப்பல் 'அதிகம் ஆடுகிறது' என்ற ஒரு சொல். 'அதிகம்' என்பது சொல்பவரின் பதவியைப் பொறுத்தது. மாட்சன் 'அதிகம்' என்றால் பிரபு 'அவ்வளவில்லை' என்று சொல்லிவிடலாம். பிரபு 'அதிகம்' என்றால் மன்னர் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடலாம். எண்ணுக்கு அந்தப் பதவி வேற்றுமை கிடையாது. 'இந்தக் கப்பலின் மெட்டாசென்டர் உயரம் இவ்வளவு, இருக்க வேண்டியது இவ்வளவு' என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் அன்று இருந்திருந்தால், கப்பலின் மிகச் சிறிய ஊழியனும் அதை மன்னர் முன் நீட்டியிருக்கலாம். நீட்டிய பிறகும் மன்னர் அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்போது 'யாருக்கும் தெரியாது' என்று விசாரணையில் எவரும் சொல்லியிருக்க முடியாது. அறிவியலின் பயன் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சிறியவன் பெரியவனிடம் பேசுவதற்கு அது ஒரு மொழியைத் தருகிறது. அந்த மொழியைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்வது, பேசக் கற்காமல் அகராதியை விழுங்குவது போன்றது.

எனவே எங்கள் துறை ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் இழைகளை முறுக்குகிறோம், சட்டங்களை வளைக்கிறோம், ஊசலை ஆட்டுகிறோம். நல்லதே. மிதக்கும் பொருளைத் தொடுவதேயில்லை. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. துவைக்கிற தொட்டி ஒன்று, இரண்டடி நீளமுள்ள மரப்படகுகள் நான்கு, தூக்குக்குண்டுகள், 100 கிராம் எடைக்கற்கள். படகுகளை ஊர்த் தச்சரே செய்து தருவார்.

ஒவ்வொரு படகினுள்ளும் ஒரு ஈயக்கட்டியை வெளியே தெரியாதபடி பொதிந்து, மேலே பலகை அடித்து மூடிவிட வேண்டும். ஒன்றில் வலப்பக்கம், ஒன்றில் இடப்பக்கம், ஒன்றில் நடுவே அடியில். நான்காவதில் நடுக்கோட்டிலேயே, ஆனால் குச்சியின் உச்சியில், பாய்மரத்துக்குள் துளையிட்டு. எந்தப் படகில் எது என்று பேராசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சாய்ந்து நிற்கும் படகை மாணவரிடம் கொடுத்துச் சூத்திரத்தை வருவிக்கச் சொல்லாமல், ஈயம் எங்கே இருக்கிறது, எத்தனை கிராம் என்று கேட்க வேண்டும். நான்காம் படகைப் பெற்றவர் முதலில் மறுபக்கம் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார். தொட்டி நீர் எல்லார் சட்டையிலும் தெறிக்கும்.